காய்ச்சல் விட்ட பிறகும் விடாத தொல்லைகள்: மருந்து, சத்து மாத்திரைகளை எந்த வரிசையில் தொடங்குவது?

டெங்கியோ கோவிட்டோ இன்புளுவென்சாவோ சிக்குன்குனியாவோ வந்து போய்விட்டது. மருத்துவ விடுப்பு (எம்சி) முடிந்து வேலைக்கும் திரும்பியாயிற்று. ஆனால் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, இருமல் நிற்கவில்லை, சாம்பாரில் மணமே தெரியவில்லை, சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வருகிறது. கோலாலம்பூர் செந்தூலில் ஃபார்மசி கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் எனக்கு, இந்தக் கட்டத்தில் வருகிறவர்களைப் பார்ப்பது அன்றாட வேலை. இவர்களில் பலர் வாங்குவது கெட்ட மருந்து அல்ல. வரிசை தவறி வாங்குகிறார்கள். முதலில் ஐந்து டப்பா, பிறகு டாக்டர், கடைசியில் ரத்தப் பரிசோதனை. இது தலைகீழாக நடக்க வேண்டும்.

வைரஸ் விட்டுப்போகும் எல்லாத் தொல்லைகளையும் சேர்த்துத் தீர்க்கும் ஒரு மாத்திரை இன்றுவரை இல்லை. ஒவ்வொரு தொல்லையையும் தனித்தனியாகப் பிடிக்க வேண்டும். அதற்கான படிகள் இவை. பெரியவர்களுக்காக எழுதியது, பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டாக்டர் சொல்லாமல் எதையும் தொடங்க வேண்டாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு சாதாரண நோட்டு, பேனா. வீட்டில் இருக்கும் எல்லா மருந்து, சத்து மாத்திரை, லேகியம், எண்ணெய், பொடி. பழைய ரத்தப் பரிசோதனை முடிவுகள். வெப்பமானி, இரத்த அழுத்தக் கருவி. இனிப்புநீர் இருந்தால் குளுக்கோமீட்டர்.

கோவிட் காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி அலமாரியில் கிடந்தால் பேட்டரி மாற்றி எடுத்து வையுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: நம்மைப் போன்ற கருந்தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். நெயில் பாலிஷ் இருந்தாலும் தவறாகக் காட்டும். எண் நன்றாக இருந்து மூச்சு திணறினால், எண்ணை விட்டுவிட்டு மூச்சை நம்புங்கள்.

1. அபாயம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

நெஞ்சு வலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், மயங்கி விழுதல், திடீர்க் குழப்பம், முகமோ கையோ ஒரு பக்கம் செயலிழத்தல், இருமலில் இரத்தம், கறுத்த தார் போன்ற மலம், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், ஆக்சிஜன் 94-க்குக் கீழே இறங்குதல். இதில் ஒன்று இருந்தாலும் படிப்பதை நிறுத்திவிட்டு 999-ஐ அழையுங்கள், அல்லது யாரையாவது கூட்டிக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

காரணம் இருக்கிறது. வைரஸ் தொற்றுக்குப் பிறகு நுரையீரலில் இரத்தக்கட்டியோ இதயத் தசையில் அழற்சியோ வரக்கூடும். “உடம்பு சக்தி இல்லை, வைட்டமின் போட்டால் சரியாகும்” என்று காத்திருக்கும் நாட்கள்தான் இங்கே ஆபத்து.

அவசரம் இல்லை, ஆனால் தள்ளிப்போடவும் கூடாது என்ற இரண்டாவது பட்டியல்: திரும்பி வரும் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், இரவில் ஆடை நனையும் வியர்வை, இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல். மலேசியாவில் காசநோய் இன்னும் இருக்கிறது. “கோவிட் இருமல்தான்” என்று மாதக்கணக்கில் சிரப் குடித்துக்கொண்டிருப்பதைவிட ஒரு சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்துவிடுவது நல்லது.

2. மருந்துப் பையைக் கொட்டுங்கள்

புதிதாக எதையும் வாங்கும் முன், இப்போது உள்ளே போய்க்கொண்டிருப்பது என்ன என்று தெரிய வேண்டும். கவுண்டரில் நான் முதலில் கேட்பதும் இதைத்தான்.

சிக்குன்குனியாவுக்குப் பிறகு மூட்டு வலியோடு வந்த ஓர் அம்மா பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தார். அரசாங்கக் கிளினிக் கொடுத்த வெள்ளை மாத்திரை ஒன்று. மகன் கடையில் வாங்கி வந்த, வேறு பெயரில் ஒரு மாத்திரை. சளிக்கென்று ஒரு மாத்திரை.

“அம்மா, இந்த மூணுலயும் ஒரே மருந்து இருக்கு.”

“கலர் வேற வேறயா இருக்கேம்மா?”

“கலர் கம்பெனி போடறது. உள்ள இருக்கறது பாராசிட்டமால்.”

ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம். கிளினிக் மாத்திரை இரண்டு, மூன்று வேளை: 3,000 மில்லிகிராம். மகன் வாங்கியதும் அதே கணக்கு: இன்னொரு 3,000. சளி மாத்திரை அதற்கு மேல். நல்ல உடல்நிலை உள்ள பெரியவருக்கே நாளொன்றுக்கு 4,000-தான் உச்சம்; ஈரல் கோளாறு உள்ளவர், மது அருந்துபவர், 50 கிலோவுக்குக் குறைந்தவர் அதைவிடக் குறைவாகவே எடுக்க வேண்டும். எல்லை தாண்டினால் ஈரல் பழுதாகும், அதுவும் ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாமல்.

நோட்டில் ஐந்து பத்தி போடுங்கள்: கடைப் பெயர், உள்ளிருக்கும் மருந்தின் பெயர் (அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும்), ஒரு நாளில் எத்தனை, யார் கொடுத்தது, எப்போதிலிருந்து. இரண்டாவது பத்தியில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் அங்கே சிக்கல். வலி மாத்திரைகளில் இன்னொரு வகைக் குழப்பமும் உண்டு: மெஃபனாமிக் ஆசிட், டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபன் மூன்றும் பெயரில் வேறு, குடும்பத்தில் ஒன்று. இரண்டைச் சேர்த்தால் வலி இரட்டிப்பாகக் குறையாது. வயிற்றுப்புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும்தான் கூடும்.

தனியார் கிளினிக்கில் டாக்டரே மருந்து கொடுப்பது நம் ஊர் வழக்கம். உறையில் மருந்தின் பெயர் தெளிவாக இல்லாவிட்டால் கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்பது உங்கள் உரிமை. கஷாயம், நிலவேம்பு, சுக்குப் பொடி, ஏஜெண்ட் கொடுத்த பானம் எல்லாமே இதே பட்டியலில் வர வேண்டும். “அது மருந்தில்லையே” என்று விடப்படுவதில்தான் பாதிப் பிரச்சினை ஒளிந்திருக்கும்.

3. “உடம்பு முடியல” என்பதைப் பிரித்து எழுதுங்கள்

களைப்பு, இருமல், படபடப்பு, மூட்டு வலி, வாசனை இழப்பு, தூக்கமின்மை. உங்களுக்கு எது உண்டோ அதற்கு ஒரு வரி. தினமும் இரவு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். அன்று செய்த பெரிய வேலையையும் ஒரு வரியில் குறியுங்கள்: “பத்துமலை ஏறினேன்”, “வீடு கூட்டித் துடைத்தேன்”, “இரண்டு ஷிப்டு”.

புதிய மாத்திரை தொடங்குவதற்கு முன் ஒரு வாரமாவது இப்படி எழுத வேண்டும். வைரஸ் தொல்லைகள் பெரும்பாலும் தானாகவே மெல்லக் குறைபவை. தொடக்கப் புள்ளி எழுதப்படாவிட்டால், காலம் செய்த வேலைக்கு மாத்திரைக்குப் புகழ் போய்விடும். அடுத்த ஓராண்டு அதற்கே பணமும் போகும்.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியம். சிலருக்கு வேலை செய்த அன்று ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ படுக்கையில் விழுந்துவிடுவார்கள். நோட்டில் இந்த முறை திரும்பத் திரும்ப வந்தால், அது சாதாரணச் சோர்வு இல்லை. அவர்களுக்கு ‘தினமும் கொஞ்சம் கூட்டி நட’ என்ற அறிவுரை கெடுதல் செய்யும். எழுதாமல் இந்த ஒன்றரை நாள் தாமதத்தைக் கண்டுபிடிப்பது கடினம்.

4. பரிசோதனை முன்னே, மாத்திரை பின்னே

நோட்டையும் மருந்துப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். உள்ளே போனதும் மூன்று வாக்கியம் போதும்: எந்தக் காய்ச்சல் எப்போது வந்தது, அதற்குப் பிறகு எது போகவில்லை, அதனால் எந்த வேலையைச் செய்ய முடியவில்லை. “எல்லாமே வலிக்குது டாக்டர்” என்று தொடங்கினால் அவரால் எங்கும் பிடிக்க முடியாது.

நீடித்த களைப்புக்குக் கேட்டுப் பார்க்க வேண்டியவை: முழு இரத்த எண்ணிக்கை, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, தைராய்டு, மூன்று மாதச் சீனி அளவான ஹெச்பிஏ1சி, சிறுநீரகம், ஈரல். வைட்டமின் டி-யை டாக்டர் தேவை என்றால் எடுக்கலாம். மாலில் விற்கும் ‘எண்பது வகைப் பரிசோதனை’ தொகுப்புக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

இங்கே மூன்று இடத்தில் பலர் இடறுகிறார்கள்.

முதலாவது, பி12 மாத்திரை சில வாரம் போட்டுவிட்டுப் பரிசோதனைக்குப் போவது. அளவு நன்றாகக் காட்டும்; உண்மையில் குறைவு இருந்ததா என்பது மறைந்துவிடும். இனிப்புநீருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள், இரைப்பை அமிலக் குறைப்பு மாத்திரையை நெடுநாள் போடுகிறவர்கள், சைவம் மட்டும் உண்பவர்கள் ஆகிய மூவருக்கும் பி12 குறைவு வர வாய்ப்பு அதிகம். நம் வீடுகளில் இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பதும் உண்டு.

இரண்டாவது, முடி கொட்டுகிறதென்று பயோட்டின் போட்டுக்கொண்டே இரத்தம் கொடுப்பது. அழகு மாத்திரைகளில் 5,000, 10,000 மைக்ரோகிராம் என்று இருக்கும். உடம்புக்கு நாளொன்றுக்கு வேண்டியது ஏறக்குறைய 30. இந்த மிகுதி சில ஆய்வகக் கருவிகளைக் குழப்பி, தைராய்டு முடிவையும் மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் முடிவையும் தவறாகக் காட்டச் செய்யும். இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள், கிளினிக்கிலும் சொல்லுங்கள்.

மூன்றாவது, களைப்பு என்றாலே இரும்புச் சத்து. மலேசியாவில் பரம்பரை இரத்தக் கோளாறான தலசீமியாவின் மரபணு உள்ளவர்கள் ஏராளம். அவர்களுக்கு ஹீமோகுளோபின் குறைவாகவும் இரத்த அணு சிறியதாகவும் இருக்கும், ஆனால் இரும்பு போதுமான அளவில் இருக்கலாம். ஃபெரிட்டின் பார்க்காமல் போட்டால் தேவையற்ற இரும்பு உடம்பில் சேரும். காய்ச்சல் விட்ட அதே வாரத்தில் ஃபெரிட்டின் எடுத்தால் அழற்சியால் உயர்ந்து காட்டும் என்பதால், சில வாரம் கழித்து எடுப்பதே சரி.

5. தொல்லைவாரியாக: எதற்கு எது

*இருமல்.* காசநோய் இல்லை என்று பார்த்தாகிவிட்டால், வைரஸுக்குப் பிந்தைய வறட்டு இருமல் மூன்று முதல் எட்டு வாரம் வரை இழுப்பது சாதாரணம். ஆன்டிபயாடிக் இதற்கு உதவாது. படுக்கும் முன் ஒரு தேக்கரண்டி தேன் இருமலைக் குறைக்கும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது, இனிப்புநீர் உள்ளவர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரவில் விசில் சத்தத்தோடு மூச்சு வந்தால் மறைந்திருந்த ஆஸ்துமாவாக இருக்கலாம்; அதற்கு உறிஞ்சும் மருந்து வேண்டும், சிரப் அல்ல. உங்கள் மருந்துப் பட்டியலில் பெரிண்டோப்ரில், எனலாப்ரில் போல ‘ப்ரில்’ என்று முடியும் இரத்த அழுத்த மாத்திரை இருந்தால் அதுவே வறட்டு இருமலைத் தரக்கூடும். நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்றித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டெக்ஸ்ட்ரோமெத்தோர்ஃபன் உள்ள சிரப்பை வாங்கும் முன் மருந்தாளரிடம் சொல்ல வேண்டும்.

*வாசனை இழப்பு.* இங்கே மாத்திரையைவிடப் பயிற்சிக்கே சான்று அதிகம். ஜெர்மனியில் 2009-இல் வெளியான ஆய்வு ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என்ற நான்கு மணங்களை வைத்துத் தொடங்கியது. ரோஜாவுக்குப் பன்னீர் போதும்; யூகலிப்டஸ் தைலமும் கிராம்பும் எந்த வீட்டிலும் இருக்கும். ஒவ்வொன்றையும் மூடியுள்ள சிறு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, 20 விநாடி மெதுவாக முகர்ந்து, அந்த வாசனை முன்பு எப்படி இருந்தது என்று மனத்தில் கொண்டுவாருங்கள். அடுத்ததற்கு முன் சற்று இடைவெளி. காலை, இரவு இரண்டு வேளை, குறைந்தது 12 வாரம். பெரும்பாலோர் மூன்றாவது வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். அது விடுவதற்கான நேரமே இல்லை. நடுவில் வெங்காயமும் கோப்பியும் அழுகல் நாற்றமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். நரம்பு மீண்டும் வளரும்போது இப்படி ஆவதுண்டு. ஜிங்க் மாத்திரையை நாளொன்றுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் மாதக்கணக்கில் போட்டால் உடம்பில் செம்பு குறைந்து, இரத்தசோகையும் நரம்புக் கோளாறும் வரும். மூக்கினுள் தடவும் ஜிங்க் ஜெல்லால் வாசனையே போனவர்கள் உண்டு; 2009-இல் அமெரிக்க அரசு அதற்கு எச்சரிக்கை விடுத்தது. வாசனை திரும்பும்வரை கேஸ் தோம்பின் வால்வை ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும் மூடுங்கள். கசிவை உங்கள் மூக்கு சொல்லாது.

*களைப்பு.* பி12, இரும்பு, வைட்டமின் டி, தைராய்டு: குறைவு என்று முடிவு வந்ததை மட்டும் நிரப்புங்கள். குறையாததைக் கூட்டினால் சக்தி கூடாது. வெயில் கொளுத்தும் கோலாலம்பூரிலும் வைட்டமின் டி குறைவு சகஜம். கருந்தோலும் ஏர்கோன் வாழ்க்கையும் காரணம். வழக்கமான தினசரி அளவு 800 முதல் 1,000 யூனிட், கொழுப்புள்ள சாப்பாட்டோடு. டாக்டர் சொல்லாமல் நாளொன்றுக்கு 4,000 யூனிட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் இரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் கெடும்.

கை கால் மரத்துப்போகிறது என்று பி-காம்ப்ளக்ஸ் நரம்பு மாத்திரை கேட்பவர்கள் அதில் பி6 எவ்வளவு என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் 100, 200 மில்லிகிராம் இருக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023-இல் வகுத்த தினசரி உச்ச வரம்பு 12 மில்லிகிராம். பி6 மாதக்கணக்கில் மிகுந்தால் அதுவே மரத்துப்போகச் செய்யும். “இன்னும் சரியாகவில்லை, இன்னொரு அட்டை கொடுங்கள்” என்று வருகிறவரை இதனால்தான் நான் நிறுத்திப் பேசுகிறேன்.

வேலை செய்த மறுநாள் விழுந்துவிடுகிறவர்களுக்கு, சக்தியைப் பங்கிட்டுச் செலவழிப்பதே முதல் மருந்து. எனர்ஜி பானம் குடித்துத் தள்ளிக்கொண்டு போனால் அடுத்த வீழ்ச்சி இன்னும் ஆழமாகும். வைட்டமின் சி டிரிப் பற்றியும் கேட்கிறார்கள். அதிக அளவு வைட்டமின் சி, ஜி6பிடி என்ற நொதியின் பிறவிக் குறைபாடு உள்ளவர்களின் சிவப்பணுக்களை உடைக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கேடு, சில குளுக்கோமீட்டர்களில் சீனி அளவைத் தவறாகக் காட்டும். நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

*எழுந்து நின்றால் படபடப்பு.* பத்து நிமிடம் படுத்திருந்து நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் எழுதுங்கள். பிறகு எழுந்து, சுவர் அருகே, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு நின்று 2, 5, 10-ஆவது நிமிடங்களில் எழுதுங்கள். அழுத்தம் இறங்காமல் துடிப்பு 30-க்கு மேல் உயர்ந்தே இருந்தால் அந்தத் தாளோடு டாக்டரைப் பாருங்கள். இரத்தசோகை, தைராய்டு இரண்டும் காரணமில்லை என்று முதலில் உறுதிப்படுத்த வேண்டும். தண்ணீர் கூட்டுவதும் உப்புக் கூட்டுவதும் இதற்கு உதவும், ஆனால் இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உப்பைத் தாங்களாகக் கூட்டக்கூடாது. துடிப்பைக் குறைக்கும் ப்ரொப்ரனலோல் போன்றவை டாக்டர் சீட்டில் மட்டும். ஆஸ்துமா இருந்தால் அவசியம் சொல்லுங்கள்.

*மூட்டு வலி.* சிக்குன்குனியா வலி மாதக்கணக்கில் நீடிக்கும். டெங்கி இல்லை என்று உறுதியாகும்வரை பாராசிட்டமால் தவிர எதுவும் வேண்டாம். மற்ற வலி மாத்திரைகளும் ஆஸ்பிரினும் இரத்தக் கசிவைக் கூட்டும். உறுதியான பிறகும், இரத்த அழுத்த மாத்திரை, நீர் இறங்கும் மாத்திரை இரண்டையும் சாப்பிடுகிறவர் மூன்றாவதாக வலி மாத்திரை சேர்த்தால் சிறுநீரகம் தாங்காது. விரல், முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் தடவுவது அதைவிடப் பாதுகாப்பு. மூட்டு வீங்கி, காலையில் விறைப்பு நெடுநேரம் இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும்.

*முடி.* காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டத் தொடங்கும், பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே நிற்கும். ஃபெரிட்டின், தைராய்டு சரியாக இருந்தால் எதுவும் வாங்க வேண்டாம்.

*‘கோவிட்டுக்கான’ மருந்துகள்.* ஐவர்மெக்டின் நோய் முற்றுவதைத் தடுக்கவில்லை என்பதை 490 நோயாளிகளைக் கொண்டு நம் மலேசிய மருத்துவமனைகளே ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டன. நீடித்த கோவிட்டுக்குப் பேக்ஸ்லோவிட்டை 15 நாள் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வும் 2024-இல் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்றே முடிந்தது. இவற்றைத் தேடி அலைய வேண்டாம்.

6. வாங்கும்போது அட்டையைப் படியுங்கள்

மலேசியாவில் பதிவு பெற்ற ஒவ்வொரு மருந்திலும் சத்து மாத்திரையிலும் ‘எம்ஏஎல்’ (MAL) என்று தொடங்கி எட்டு இலக்கமும் குறைந்தது ஓர் எழுத்தும் கொண்ட எண் இருக்கும். ‘ஏ’ என்றால் கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்து, ‘எக்ஸ்’ என்றால் பொது விற்பனை மருந்து, ‘டி’ (T) என்றால் பாரம்பரிய மருந்து, ‘என்’ என்றால் சத்து மாத்திரை. அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்பிஆர்ஏ-வின் இணையத் தேடலில் போட்டுப் பாருங்கள். பெயரும் கம்பெனியும் அட்டையோடு பொருந்த வேண்டும். எண் அச்சடிக்கப்பட்டிருப்பது மட்டும் போதாது. வேறு பொருளின் எண்ணை எடுத்து ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

‘டி’, ‘என்’ பதிவு பெற்ற பொருளிலும் அது நோயைக் குணமாக்கும் என்று அரசு சான்று தந்ததாக அர்த்தமில்லை. பாதுகாப்பும் தரமும் பார்க்கப்பட்டன, அவ்வளவே.

பாசார் மாலாமிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கும் ‘இரண்டே நாளில் மூட்டு வலி பறக்கும்’ உருண்டைகளைத் தொடாதீர்கள். இப்படிப்பட்டவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை அதிகாரிகள் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறார்கள். வலி போகும், பசி கூடும், முகம் வீங்கும், சீனி ஏறும். ஏற்கெனவே சில வாரம் சாப்பிட்டுவிட்டீர்கள் என்றால் சட்டென்று நிறுத்தாதீர்கள். உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும். மிச்சத்தை எடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் போங்கள். ஊரிலிருந்து பெட்டியில் வரும் பஸ்பம், செந்தூரம் வகைகளில் ஈயமும் பாதரசமும் இருக்கக்கூடும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

நேரடி விற்பனை ஏஜெண்ட் பெரும்பாலும் சொந்தக்காரராகவே இருப்பார். மறுப்பது சங்கடம். “அத்தை, ரத்த ரிசல்ட் வரட்டும், டாக்டர்ட்ட காட்டிட்டு சொல்றேன்” என்பது உறவும் கெடாமல் பணமும் போகாமல் காக்கும் பதில். நான் பலருக்குச் சொல்லிக்கொடுத்த வாக்கியம் இது.

7. ஒரு சமயத்தில் ஒன்று

தொடங்கும் வரிசை: பரிசோதனையில் உறுதியான குறைவு முதலில். தூக்கத்தைக் கெடுக்கும் இருமல் அல்லது வலி அடுத்தது. மற்றவை பிறகு. ஒன்றைத் தொடங்கினால் அடுத்ததற்கு இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். மூன்றைச் சேர்த்துத் தொடங்கி நான்காம் நாள் தோலில் தடிப்பு வந்தால், எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது.

நோட்டில் தொடங்கும் தேதியோடு நிறுத்தும் தேதியையும் அன்றே எழுதுங்கள். இருமல், வலி மருந்துக்கு ஒன்று இரண்டு வாரம். குறைவை நிரப்பும் சத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம், பிறகு மறுபரிசோதனை. இரும்பு மட்டும் விதிவிலக்கு: ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப இன்னும் ஏறக்குறைய மூன்று மாதம் தேவை.

நேரமும் முக்கியம். இரும்பு மாத்திரையைத் தே தாரேவோடும் கோப்பியோடும் பாலோடும் விழுங்கினால் பெரும்பகுதி வீண். ஒரு மணி நேரமாவது தள்ளி, எலுமிச்சைச் சாற்றோடு எடுங்கள். மலம் கறுப்பது இரும்பால் வரும் இயல்பான மாற்றம், ஆனால் தார் போல ஒட்டும் நாற்றமான மலம் வேறு. அது முதல் படியில் சொன்ன அபாயம். தைராக்சின் சாப்பிடுகிறவர்கள் இரும்பு, கால்சியம், மெக்னீசியத்துக்கு நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் தைராய்டு மருந்து ஏறாது, களைப்பு திரும்பும், “வைரஸ் இன்னும் போகவில்லை” என்று தோன்றும்.

8. கலக்கக் கூடாதவை

வார்ஃபரின், குளோபிடோக்ரல், ஆஸ்பிரின் போன்ற இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்கள் நாட்டோகைனேஸ், ஜிங்கோ, அதிக அளவு மீன் எண்ணெய், மஞ்சள் கேப்சூல் எதையும் டாக்டரிடம் கேட்காமல் தொடக்கூடாது. குழம்பில் போடும் மஞ்சள் வேறு. மிளகுச் சத்தோடு சேர்த்துச் செறிவாக்கிய கேப்சூல் வேறு. அந்தக் கேப்சூலால் ஈரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு.

அதிமதுரத்தைத் தொண்டைக்கு என்று வாரக்கணக்கில் மென்றால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அழுத்த மாத்திரை சாப்பிடும் தாத்தா பாட்டிகளுக்கு இது நேரடியாகவே ஆபத்து. நிலவேம்பு சீனியையும் அழுத்தத்தையும் இறக்கக்கூடும். இனிப்புநீர் மருந்தோடு சேர்ந்தால் தலைசுற்றல் வரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மெக்னீசியம் வேண்டாம். தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரைகளைப் போட்டுவிட்டு மோட்டார் ஓட்டாதீர்கள். மறுநாள் காலைவரை மந்தம் இருக்கும்.

9. நிறுத்துவதும் மிச்சத்தை என்ன செய்வது என்பதும்

நிறுத்தும் தேதி வந்ததும் நோட்டில் முதல் வார மதிப்பெண்ணையும் இந்த வார மதிப்பெண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாற்றமில்லை என்றால் நிறுத்துங்கள். மாற்றம் இருந்தாலும் ஒரு முறை நிறுத்திப் பாருங்கள்; தொல்லை திரும்பாவிட்டால் அது இனித் தேவையில்லை. ஸ்டீராய்டான பிரெட்னிசொலோன், ப்ரொப்ரனலோல், டாக்டர் கொடுத்த தூக்க மாத்திரை ஆகியவற்றை மட்டும் இப்படிச் செய்யக்கூடாது. டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

தொற்று தொடங்கி மூன்று மாதமாகியும் அன்றாட வேலை செய்ய முடியவில்லை என்றால், அதே நோட்டோடு திரும்பப் போய் நிபுணரிடம் அனுப்பும் கடிதம் கேளுங்கள். எந்த மருந்தால் என்ன ஆனது என்று தேதியோடு எழுதி வைத்தவருக்கு அந்தக் கடிதம் கிடைப்பது எளிது.

ஏதாவது மருந்தோ சத்து மாத்திரையோ ஒத்துக்கொள்ளாமல் போனால் என்பிஆர்ஏ-வுக்கு நீங்களே தெரிவிக்கலாம். நுகர்வோருக்கான படிவம் அவர்கள் இணையதளத்தில் உண்டு. அட்டையைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள், எம்ஏஎல் எண்ணும் தயாரிப்புத் தொகுதி எண்ணும் அதில்தான் இருக்கும். மிச்ச மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டவோ பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவோ வேண்டாம். அரசாங்க மருத்துவமனை, கிளினிக் ஃபார்மசி கவுண்டரில் திருப்பிக் கொடுக்கலாம். கொடுக்கும் முன் உறையில் உள்ள உங்கள் பெயரையும் ஐசி எண்ணையும் கிழித்துவிடுங்கள்.